பதினாறாவது எழுத்து

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னைப் பேச அழைத்த தோழர்கள் ஏதாவது புது விஷயமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் சொல்லப் போவது புது விஷயமல்ல. எண்பது வருஷங்களுக்கு முன் நடந்த சங்கதி. நம் நாட்டில் நடந்ததுமல்ல. ஹாலந்து என்கின்ற சின்னஞ்சிறு தேசத்தில் இரண்டாவது உலக யுத்தத்தின்போது நடந்தது. அதில் ராஜாக்களின் வீரமோ தளபதிகளின் பராக்கிரமமோ இல்லை. பெட்டிக்குள் அடங்கிய ஒரு ரேடியோ யந்திரமும், அதைத் தட்டிய ஒரு வாலிபனும், அக்கரையில் உட்கார்ந்து அந்தச் சேதியை வாங்கிக்கொண்ட சில பெரிய மனிதர்களுந்தான் இதில் வருகிறார்கள்.

கதையில் உள்ள கேள்வி இதுதான். நமக்கு ஒரு சேதி வருகிறது. அது மெய்யான ஆளிடமிருந்து வந்ததா, எதிரி கையிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க நாமே முன்னதாக ஓர் அடையாளம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். வந்த சேதியில் அந்த அடையாளம் இல்லை. அப்பொழுது நாம் என்ன செய்வோம்? "இது கூடவா தெரியாது, சேதி பொய்யென்று தள்ளிவிடுவோம்" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் அவ்வளவு சுலபமல்ல என்று தெரிந்தது.

நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இதைப்பற்றி ஹாலந்து பார்லிமெண்டின் விசாரணைக் கமிஷனே விசாரித்திருக்கிறது. சம்பந்தப்பட்ட இரு தரப்பாரும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். சந்தேகமுள்ளவர்கள் தேடிப் படித்துப் பார்க்கலாம்.

ஹாலந்தின் நிலைமை

1940-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி ஜெர்மன் பட்டாளம் ஹாலந்துக்குள் நுழைந்தது. 14-ந் தேதி ராட்டர்டாம் நகரத்தின் நடுப்பாகத்தை ஆகாய விமானங்கள் குண்டு போட்டுப் பொசுக்கின. மறுநாளே ஹாலந்து ராணுவம் சரணடைந்தது. ராணி வில்ஹெல்மினாவும் மந்திரிகளும் அதற்கு முன்பே லண்டனுக்குப் போய்விட்டார்கள். ஐந்தே நாளில் ஒரு தேசம் அந்நியன் கைக்குப் போயிற்று.

ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. இரகசியப் பத்திரிகை அச்சடித்தார்கள். யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்தார்கள். பட்டாளச் சங்கதிகளைச் சேகரித்தார்கள். ஆனால் சேகரித்த சங்கதியை அக்கரைக்கு எப்படி அனுப்புவது? ஹாலந்தில் ஒளிந்துகொள்ள மலையுமில்லை, காடும் அதிகமில்லை. உள்ளங்கை போலத் தட்டையான பூமி. எங்கு பார்த்தாலும் ஊரும் வாய்க்காலுந்தான். கடற்கரை முழுவதும் ஜெர்மானியர் காவல். ஆகவே, ரேடியோ ஒன்றே வழி என்று ஆயிற்று.

லண்டனில் 1940-ம் வருஷம் ஜூலையில் இரகசிய இலாகா ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். எதிரி பிடித்த தேசங்களுக்குள் ஆட்களை இறக்கி, பாலம் பாதைகளைத் தகர்ப்பதும், உள்ளூர்ப் போராளிகளுக்கு ஆயுதம் கொடுப்பதும் அதன் வேலை. அந்த இலாகாவின் ஹாலந்துப் பிரிவு தயாரித்து அனுப்பிய ஆட்களில் இருவர் தைஸ் டக்கோனிஸ், ஹூப் லௌவர்ஸ் என்பவர்கள். 1941 நவம்பரில் ஓர் இரவு விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு இருவரும் தாய்நாட்டு மண்ணில் குதித்தார்கள். டக்கோனிஸ் ஆட்களைச் சேர்க்கிறவர், லௌவர்ஸ் ரேடியோக்காரர். கொண்டுவந்த யந்திரமோ வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்து லண்டனோடு முதன்முதல் பேச்சுத் தொடங்கியது 1942 ஜனவரியில்தான்.

ரேடியோக்காரன் வேலை

இங்கே அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ரேடியோ என்றதும் பாட்டுக் கேட்கிற பெட்டி ஞாபகத்துக்கு வரும். இது அதுவல்ல. முன்பெல்லாம் தந்தி ஆபீசில் 'கட்டு கட' என்று தட்டிக் கொண்டிருப்பார்களே, அந்த மோர்ஸ் தந்திதான். கம்பிக்குப் பதில் ஆகாயத்தின் வழியாகப் போகும். யந்திரம் முழுவதும் ஒரு தோல் சூட்கேசில் அடங்கிவிடும். எந்த அலையில் பேசுவது என்பதை நிர்ணயிக்க ஒரு சின்னப் படிகக் கல். அறைக்குள்ளோ ஜன்னலுக்கு வெளியிலோ நீளமாகக் கட்ட ஒரு ஏரியல் கம்பி. இன்ன நாள், இன்ன மணி என்று குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்து கூப்பிட்டால் லண்டனில் அதற்கென்று காத்திருப்பவர் பதில் கொடுப்பார்.

சேதியை வெளிப்படையாக அனுப்ப முடியாது, எதிரியும் கேட்பான். ஆகவே எழுத்துக்களை இடம் மாற்றி மாற்றி, ஐந்தைந்து எழுத்தாகப் பிரித்து, யாருக்கும் புரியாத சங்கேதமாக்கி அனுப்ப வேண்டும். அதற்குச் சாவி பெரும்பாலும் அந்த ஆள் மனப்பாடம் செய்த ஒரு பாட்டு. அந்தப் பாட்டில் எந்தெந்த வார்த்தையை எடுத்துக்கொண்டான் என்பது தெரிந்தால்தான் அக்கரையில் சேதியைப் பிரிக்க முடியும். கையில் காகிதம் எதுவும் இல்லை, எல்லாம் மூளைக்குள் இருக்கிறது என்பது இதில் சௌகரியம். மூளைக்குள் இருப்பதை அடித்துப் பிடுங்கலாம் என்பது இதில் ஆபத்து.

அந்த ஆபத்தும் சாமானியமல்ல. நீங்கள் பேசுகிற அலையை எதிரி இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் கேட்கிறான். எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறான். கோடுகள் வெட்டிக்கொள்கிற இடந்தான் நீங்கள் இருக்கும் பேட்டை. அப்புறம் மூடிய மோட்டார் வண்டி ஒன்று அந்தப் பேட்டைக்குள் மெதுவாய் வரும். ஆகையால் நேரத்தைக் குறைக்க வேண்டும். வீட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்கள் நிறைந்த டிராம் வண்டியில் அந்தச் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல நிற்க வேண்டும். இடம் கொடுத்த வீட்டாருக்கும் அகப்பட்டால் அதே கதிதான். அவர்கள் பெயர் எத்தனை சரித்திரத்தில் வந்தது?

அடையாளம் வைத்தது எதற்கு?

ஆள் அகப்பட்டுக்கொண்டால் எதிரி அவனை அடித்து, அவன் கையாலேயே பொய்ச் சேதி அனுப்பச் செய்யலாமல்லவா? லண்டன்காரர்கள் இதை யோசிக்காமலில்லை. நன்றாகவே யோசித்தார்கள். அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு வேடிக்கையானது.

தூரதேசத்துக்குப் போகிற மகனிடம் ஒரு தகப்பன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "அப்பா, நீ சுகமாய் இருந்து நீயாகவே கடிதம் எழுதினால் உன் கையெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வை. யாராவது உன்னை மிரட்டி எழுதச் சொன்னால் புள்ளி வைக்காதே. நான் தெரிந்துகொள்கிறேன்." இது போன்றதுதான் அந்த ஏற்பாடு. லௌவர்ஸுக்குக் கொடுத்த அடையாளம், சேதியில் ஒவ்வொரு பதினாறாவது எழுத்தையும் வேண்டுமென்றே தப்பாகப் போடுவது. தப்பு இருந்தால் ஆள் சுதந்தரமாய் இருக்கிறான். தப்பில்லாமல் வந்தால் ஆள் அகப்பட்டுக்கொண்டான்.

மேலும் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லியனுப்பியது என்னவென்றால், "சித்திரவதை தாங்க முடியாவிட்டால் சங்கேதத்தைச் சொல்லிவிடு, பாதகமில்லை, அடையாளத்தை மாத்திரம் சொல்லாதே. அது இல்லாவிட்டால் நாங்கள் தெரிந்துகொள்வோம்" என்பதாகும். தோழர்களே, இந்த வாக்கைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகப்பட்டது

ஹாலந்தில் ஜெர்மன் ராணுவத்தின் எதிர்-உளவு அதிகாரி ஹெர்மன் கிஸ்கெஸ் என்பவர். போலீஸ் தரப்பில் ஷ்ரைடர் என்பவர். ரிடர்ஹாஃப் என்ற ஓர் உள்ளூர் ஆளைக் காசு கொடுத்து அவர்கள் தங்கள் வசப்படுத்தியிருந்தார்கள். இந்த ஆள் போராளிகளோடு பழகி, டக்கோனிஸ் வட்டாரத்தில் நுழைந்துவிட்டான். இலண்டனிலிருந்து ஆட்கள் வந்திருப்பதாக முதலில் சேதி வந்தபோது கிஸ்கெஸ் நம்பவில்லையாம். இப்படிப்பட்ட கதையை வடதுருவத்தில் போய்ச் சொல்லும்படி காகிதத்தில் எழுதித் திருப்பினாராம். பின்னால் சங்கதி மெய்யென்று தெரிந்ததும், அந்த வேலைக்கே 'வடதுருவம்' என்று பெயர் வைத்தார்கள். எதிரிக்கு இருந்த இந்த ஆரம்பச் சந்தேகத்தைப் பாருங்கள். வந்த சேதியை முதலில் நம்பவில்லை. பிறகு விசாரித்து நம்பினான்.

1942-ம் வருஷம் மார்ச்சு 6-ந் தேதி மாலை, ஹேக் நகரத்தில் ஒரு வீட்டில் லௌவர்ஸ் சேதி அனுப்பத் தயாராய் உட்கார்ந்திருந்தார். தெருவில் மோட்டார் வண்டிகள் வந்து நின்றன. வெளியேறித் தெருவில் நடந்தவரைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து தோட்டத்தில் எறியப்பட்ட யந்திரமும் அகப்பட்டது. எழுதி முடித்து அனுப்பாமல் வைத்திருந்த மூன்று சங்கேதச் சேதிகளும் அகப்பட்டன. சில நாளைக்குள் டக்கோனிஸும் பிடிபட்டார்.

விசாரணையில் கிஸ்கெஸின் ஆட்கள் அடிதடியைவிடச் சாமர்த்தியமான காரியம் செய்தார்கள். அந்த மூன்று சேதிகளில் ஒன்று, அவர்களே ரிடர்ஹாஃப் மூலம் புகுத்திவிட்ட பொய்ச் சேதி. ஆகவே அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அதைச் சொல்லிக் காட்டி, "உன் சங்கேதத்தைப் பிரித்தாயிற்று" என்று மிரட்டினார்கள். எங்களுக்காக நீயே தொடர்ந்து சேதி அனுப்பினால் உன் உயிரையும் உன் தோழன் உயிரையும் காப்பாற்றுகிறோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். பிறகு, "உனக்கு ஓர் அடையாளம் கொடுத்திருப்பார்களே, அது என்ன?" என்று கேட்டார்கள்.

அந்த நிமிஷத்தில் லௌவர்ஸ் செய்த காரியந்தான் இந்தக் கதையிலேயே புத்திசாலித்தனமான காரியம். அடையாளமே இல்லையென்றால் நம்ப மாட்டார்கள். உண்மையைச் சொன்னாலோ எல்லாம் போயிற்று. தந்தியில் வாக்கிய முடிவுக்கு 'ஸ்டாப்' என்று போடுவது வழக்கமென்பது உங்களுக்குத் தெரியும். அகப்பட்ட சேதிகளில் அந்தப் பதினாறாவது எழுத்துத் தப்பு தற்செயலாய் இந்த 'ஸ்டாப்' என்ற வார்த்தைக்குள் விழுந்து, அது 'ஸ்டிப்', 'ஸ்டெப்' என்பது போல மாறியிருந்தது. லௌவர்ஸ் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார். "சேதிக்கு ஒரு தடவை 'ஸ்டாப்' என்பதைப் பிசகாய் எழுதுவதுதான் அடையாளம்" என்றார். ஜெர்மானியர் காகிதத்தைப் பார்த்தார்கள், சொன்னது பொருந்தியிருந்தது, நம்பிவிட்டார்கள்.

மார்ச்சு 12-ந் தேதி, ஜெர்மானியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, லௌவர்ஸ் லண்டனுக்குச் சேதி தட்டினார். பதினாறாவது எழுத்துக்கள் சரியாகவே இருந்தன. லண்டன் இதைப் பார்க்கும், விஷயம் தெரிந்துவிடும் என்று அவர் நிம்மதியாய் இருந்தார். கொடுத்த வாக்கு அப்படித்தானே?

லண்டன் செய்தது

லண்டனிலிருந்து பதில் வந்தது. புதிதாய் ஓர் ஆளை அனுப்புகிறோம், வரவேற்க ஏற்பாடு செய் என்று வந்தது!

மார்ச்சு 27-ந் தேதி இரவு, வடகிழக்கில் ஸ்டீன்விக் பக்கத்தில் பாட்சன் என்பவர் பாராசூட்டில் இறங்கினார். கீழே விளக்கு காட்டிக் கைகொடுத்து வரவேற்றவர்கள் ஜெர்மானியருக்கு வேலை செய்த ஹாலந்துக்காரர்கள். தாய்மொழியில் பேசி, தோளில் கைபோட்டு, வந்த விஷயங்களையெல்லாம் கேட்டறிந்துகொண்ட பிறகு கையில் விலங்கு மாட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கதையும் இதுதான். வந்த ஆட்களோடு வந்த யந்திரங்களும் சங்கேதங்களும் ஜெர்மானியர் கைக்குப் போய், ஒரு ரேடியோ வழி பத்துக்கு மேற்பட்ட ரேடியோ வழிகளாயிற்று. கை பழகிய ஆள் ஒத்துழைக்க மறுத்தால், மாற்றாள் ஒருவரைப் பழக்கியிருப்பதாய் லண்டனுக்குச் சொல்லி ஜெர்மன் தந்திக்காரரே தட்டினார்கள்.

லௌவர்ஸ் சும்மா இருந்தாரா? அடையாளம் இல்லாததைக் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் வேறு வழி தேடினார். சங்கேதச் சேதிக்கு முன்னும் பின்னும் அர்த்தமில்லாத எழுத்துக்கள் சிலவற்றைச் சேர்ப்பது வழக்கம். அந்த எழுத்துக்களுக்கு நடுவில், 'பிடிபட்டேன்' என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தையின் எழுத்துக்களை ஸி, ஏ, யு என்றும், ஜி, எச், டி என்றும் பிரித்துப் புகுத்தினார். பக்கத்திலிருக்கும் ஜெர்மானியன் கண்டுகொண்டால் உயிர் போய்விடும். அப்படியும் திரும்பத் திரும்பச் செய்தார். பக்கத்திலிருந்த எதிரி கவனிக்கவில்லை. அக்கரையிலிருந்த சிநேகிதர்களும் கவனிக்கவில்லை!

இன்னும் ஒன்று கேளுங்கள். ஹாலந்திலுள்ள போராளிகளையெல்லாம் ஒரே இரகசியப் பட்டாளமாகச் சேர்க்கும்படி யாம்புரூஸ் என்ற கல்விமான் 1942 ஜூனில் அனுப்பப்பட்டார். இறங்கிய இடத்திலேயே அகப்பட்டார். ஆனால் லண்டன் கணக்குப்படி அவர் வெகுநாள் வரை 'வேலை செய்து' கொண்டிருந்தார். நேரில் பேச வேண்டும், திரும்பி வரட்டும் என்று லண்டன் கேட்கும். இப்பொழுது சௌகரியப்படவில்லை என்று பதில் போகும். மறுபடி கேட்கும், மறுபடியும் ஒரு சாக்கு போகும். ஆளைப் பார்க்க முடியாது, ஆளின் வார்த்தை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்! அதை வைத்துக்கொண்டே மேலும் மேலும் ஆளும் ஆயுதமும் அனுப்பினார்கள்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அவர்கள் மூடர்களா? இல்லை, படித்தவர்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆகாயத்தில் இரைச்சல் அதிகம். எழுத்துக்கள் சிதைந்துதான் வரும். பயத்திலும் குளிரிலும் தட்டுகிற ஆள் அடையாளத்தை மறந்துபோவதும் உண்டு. 'இன்றைக்கு இல்லாவிட்டால் என்ன, மறந்திருப்பான்' என்று ஒரு தடவை சொல்லலாம், தப்பில்லை. இரண்டாந்தடவையும் சொல்லலாம். நூறாந்தடவையும் அதையே சொன்னால் அதற்கு என்ன பேர்? ஒரு தடவை நம்பி ஆளை அனுப்பிவிட்டோம். இப்பொழுது சந்தேகப்பட்டால் அனுப்பிய ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி எழும். நம்முடைய பிரிவின் பெருமையும் போய்விடும். ஆகவே நம்பிக்கொண்டிருப்பதே சௌகரியமாய் இருந்தது. சோதனைக்கென்று வைத்த அடையாளம், கடைசியில் வெறும் சடங்காய்ப் போயிற்று. இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; இல்லையென்று குறிப்பும் எழுதுவார்கள்; காரியம் மட்டும் முன்போலவே நடக்கும்.

பிழையில்லாத சேதி

லண்டனில் சந்தேகப்பட்டவர் ஒருவரும் இல்லையா என்றால், இருந்தார். லியோ மார்க்ஸ் என்று ஓர் இளைஞர். அந்த இலாகாவில் சங்கேத வேலைக்குத் தலைவர். அவர் சந்தேகப்பட்ட விதம் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

மற்றத் தேசங்களிலிருந்து வரும் சேதிகளில் பிழை மலிந்திருக்கும். ஒளிந்துகொண்டு, அவசர அவசரமாய், மங்கின வெளிச்சத்தில் சங்கேதம் போடுகிறவன் ஓர் எழுத்தை விடுவான், ஒரு வரிசையைத் தப்பாய் எண்ணுவான். சிலது பிரிக்கவே முடியாதபடி வரும். அவற்றைப் பிரிப்பதற்கென்றே மார்க்ஸ் பெண்கள் கூட்டம் ஒன்றைப் பழக்கி வைத்திருந்தார். ஆனால் ஹாலந்திலிருந்து வருகிற சேதி மட்டும் பிழையில்லாமல் வந்தது! இதைப் பார்த்து மற்றவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மார்க்ஸ், "ஹாலந்துக்காரன் மட்டும் ஏன் பிழை செய்வதில்லை? அவனுக்கு மட்டும் பயமில்லையா, அவசரமில்லையா?" என்று கேட்டார். நிதானமாய் மேஜை முன் உட்கார்ந்து, காவலோடு, நல்ல வெளிச்சத்தில் யாரோ எழுதுகிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமுண்டா?

வெறும் யூகத்தோடு அவர் நிற்கவில்லை, சோதனையும் செய்தார். பிரிக்க முடியாதபடி வேண்டுமென்றே ஒரு சேதியை ஹாலந்துக்கு அனுப்பிப் பார்த்ததாகத் தம் புத்தகத்தில் எழுதுகிறார். மற்றொரு சோதனையையும் சொல்கிறார். ஜெர்மன் தந்திக்காரர்கள் பேச்சை முடிக்கும்போது ஹிட்லருக்கு ஜே சொல்லும் இரண்டு எழுத்துக்களைத் தட்டுவது வழக்கம். லண்டன் தந்திக்காரர் ஒரு நாள் அதைத் தட்டினார். எதிர்ப்பக்கத்திலிருந்தவன் யோசிக்காமல், பழக்க தோஷத்தால், அதையே பதிலாகத் தட்டிவிட்டானாம்!

மார்க்ஸ் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அவருடைய எழுத்தால் உடனே ஒன்றும் நின்றுவிடவில்லை. சின்ன உத்தியோகஸ்தன், வயது இருபத்திரண்டு இருபத்துமூன்று. அவன் சொன்னால் பெரியவர்களின் ஏற்பாடு பொய்யாகிவிடுமா? இந்த உண்மைகளை அவர் விஸ்தாரமாய்ப் புத்தகமாக வெளியிட்டது 1998-ல்தான்.

உண்மை சொன்னவர்களுக்குச் சிறை

பிடிபட்டவர்களை ஹாரென் என்ற ஊரில் பாதிரிமார் பாடசாலையாக இருந்த பெரிய கட்டடத்தில் அடைத்தார்கள். விசாரணையில் ஜெர்மானியர் இங்கிலாந்திலுள்ள பயிற்சிப் பள்ளிகளைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் அவ்வளவு துல்லியமாகப் பேசினார்கள். முன்னால் வந்தவனிடம் கேட்டதைப் பின்னால் வந்தவனிடம் காட்டுவது, அவ்வளவுதான் வித்தை. கைதிகளோ, லண்டனிலேயே ஒரு துரோகி இருக்கிறான் என்று முடிவு கட்டி மனமுடைந்து போனார்கள்.

1943-ம் வருஷம் ஆகஸ்டு கடைசியில் ஓர் இரவு, தூர்லைன், உபிங்க் என்ற இரண்டு கைதிகள் அறைக்கதவுக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாக நுழைந்து வெளியேறி, படுக்கைத் துணியில் செய்த கயிற்றில் இறங்கித் தப்பினார்கள். பல வாரம் ஒளிந்திருந்து, பெல்ஜியம், பிரான்சு வழியாக நவம்பரில் ஸ்விட்சர்லாந்து சேர்ந்து, அங்கிருந்த ஹாலந்துப் பிரதிநிதியிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

இதற்குள் கிஸ்கெஸ் முந்திக்கொண்டார். இன்ன இருவரும் ஜெர்மன் போலீசுக்கு ஆளாகிவிட்டார்கள், உங்களை ஏமாற்ற வருகிறார்கள் என்று தம் கையிலிருந்த ரேடியோ வழியாகவே லண்டனுக்குச் சேதி விட்டார். 1944 தொடக்கத்தில் அந்த இருவரும் ஸ்பெயின் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது மாலை மரியாதையா? இல்லை. பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தார்கள்! அடையாளமில்லாமல் வந்த ரேடியோ வார்த்தைக்கு இருந்த மதிப்பு, உயிரைப் பணயம் வைத்து நேரில் வந்து நின்ற மனிதனின் வார்த்தைக்கு இல்லை. பின்னால் உண்மை தெரிந்து விடுதலை செய்தார்கள். 1950-ல் ஹாலந்து சர்க்கார் தன் மிகப் பெரிய வீரப் பதக்கத்தையும் கொடுத்தது. ஆனால் அந்தச் சிறைவாசத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

தப்பியவர்கள் சொன்னது மெள்ள மெள்ள வேலை செய்தது. லண்டன் சேதிகள் உப்புச்சப்பில்லாமல் போயின. ஆட்டம் முடிந்தது என்று கண்ட கிஸ்கெஸ், 1944 ஏப்ரல் முதல் தேதி, இங்கிலீஷ்காரர் முட்டாள்கள் தினம் என்று சொல்கிறார்களே அதே தேதியில், சங்கேதம் இல்லாமல் வெளிப்படையாகவே ஒரு சேதி அனுப்பினார். வியாபாரக் கடிதம் போன்ற பாணியில், இவ்வளவு காலம் உங்கள் ஏகபோக ஏஜெண்டுகளாய் இருந்த எங்களைவிட்டு இப்பொழுது தனியாக வியாபாரம் செய்யப் பார்க்கிறீர்களாமே, நீங்களே நேரில் வந்தாலும் முன் வந்தவர்களைப் போலவே உபசரிப்போம் என்ற கருத்தில் கேலி செய்தார்.

அந்த உபசாரம் எப்படி முடிந்தது? ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்கள் இப்படி அகப்பட்டிருந்தார்கள். உயிர் போகாது என்று கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. 1944 செப்டம்பர் 6, 7 தேதிகளில் ஆஸ்திரியாவிலுள்ள மௌட்ஹௌசன் முகாமின் கல்லுடைக்கும் குழியில், நாற்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்று தீர்த்தார்கள். எவன் உயிருக்காக லௌவர்ஸ் சாவியைத் தட்டச் சம்மதித்தாரோ, அந்த டக்கோனிஸும் அதில் போனார். லௌவர்ஸ் ஜெர்மன் முகாம்களில் கிடந்து, 1945-ல் உயிரோடு திரும்பினார்.

துரோகி யார்?

யுத்தம் முடிந்ததும் ஹாலந்தில் பெரிய கூச்சல் கிளம்பிற்று. லண்டனில் துரோகி இருந்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். ஜெர்மானியரை ஏமாற்ற இங்கிலீஷ்காரர் தெரிந்தே எங்கள் பிள்ளைகளைப் பலி கொடுத்தார்கள் என்றார்கள் சிலர். பெற்றவர்கள் வயிறெரிந்து கேட்டதை நாம் குற்றம் சொல்ல முடியாது. பார்லிமெண்டு கமிஷன் சாட்சிகளை விசாரித்தது. துரோகத்துக்கு ருசு கிடைக்கவில்லை. தவறுகள்தான் காரணம் என்பதே விசாரணையில் கண்டது. பின்னால் ஆராய்ந்த சரித்திரக்காரர்களும் பெரும்பாலும் அந்த முடிவுக்கே வந்தார்கள்.

இது ஆறுதலான முடிவல்ல, தோழர்களே! துரோகி ஒருவன் இருந்திருந்தால் அவனைத் தூக்கில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஒவ்வொருவனும் யோக்கியன், ஒவ்வொருவனும் வேலையில் அக்கறையுள்ளவன், ஆனாலும் அத்தனை உயிர் போயிற்று என்றால் அதற்கு என்ன பரிகாரம்?

பரிகாரத்தை மார்க்ஸ் காட்டினார். ஆளின் ஞாபகத்தையும் அதிகாரியின் நம்பிக்கையையும் நம்பியிருந்த முறையையே அவர் மாற்றினார். பாட்டை மனப்பாடம் செய்து சாவியாக வைத்துக்கொள்வதற்குப் பதில், மெல்லிய பட்டுத் துணியில் சாவிகளை அச்சடித்துக் கொடுத்தார். ஒரு தடவை உபயோகித்ததும் அந்தத் துண்டை வெட்டி எரித்துவிட வேண்டும். எரித்தது ஆளுக்கே ஞாபகமிராது. அடித்தாலும் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. அந்த முறை சோதனைக்கு நின்றது. யாரையும் 'நம்பு' என்று கேட்க வேண்டிய அவசியத்தைக் குறைத்தது.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். விசாரிப்பது என்றால் என்ன? சந்தேகம் வரும்போது கேட்பது மட்டுமல்ல. நமக்குப் பிரியமான சேதி வரும்போதும் கேட்பது. ஒரு தடவை நம்பிவிட்டோமே என்ற வெட்கத்தை விட்டுக் கேட்பது. வயதில் சின்னவன் சொன்னாலும் காது கொடுப்பது. 'அடையாளம் இல்லை' என்று கண்டால் குறிப்பெழுதி வைக்காமல் காரியத்தை நிறுத்துவது. இவ்வளவும் சேர்ந்தால்தான் விசாரணை. லண்டன்காரரிடம் சோதனை முறை இல்லாமல் போகவில்லை. சோதனையின் முடிவு தங்களுக்குப் பிடிக்காதபோது அதை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் இல்லாமல் போயிற்று.

எங்கோ ஹாலந்தில் நடந்ததற்கு நாம் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உயிர் போனாலும் போகட்டும் என்று ஒரு வாலிபன் "பிடிபட்டேன், பிடிபட்டேன்" என்று எழுத்தெழுத்தாய்த் தட்டிக்கொண்டிருந்தான். அக்கரையில் அந்த எழுத்துக்கள் ஒன்று தவறாமல் காகிதத்தில் ஏறின. படிக்க ஆளில்லை. இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நம்மிடமும் யாராவது இப்படித் தட்டிக்கொண்டிருக்கிறார்களா, நாம் வேறு சேதியில் மகிழ்ந்துபோய் அதைப் படிக்காமல் இருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள்.